கடலில் போய்ச் சேர்ந்த பிறகு

தென்பெண்ணையைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் அது ஒரு புகாரில்தான் போய் நிற்கும். நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கழிவை வாங்கிக்கொண்டு, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வரும்போதே ஆறு நுரைத்துக்கொண்டு வருகிறது. அந்த நுரை காற்றில் பறந்து ரோட்டிலும் வயலிலும் விழுவதைச் செய்திச் சேனல்கள் அடிக்கடி காட்டுகின்றன. ஓசூர்க்காரர் பெங்களூரைத் திட்டுவார். கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே இருப்பவர் ஓசூரையும் சேர்த்துத் திட்டுவார். போச்சம்பள்ளிக்குள் ஆறு வராது. நெடுங்கல் தடுப்பணையில் பிரிந்து பாரூர் ஏரிக்கு வருகிற கால்வாய்தான் எங்களுக்கு ஆறு. ஆகவே நாங்கள் மேலே இருக்கும் எல்லோரையும் திட்டுவோம். சாத்தனூருக்குக் கீழே இருப்பவர்கள் எங்களைத் திட்டுவார்கள். கடலூர்க்காரர்களுக்கு மொத்தப் பட்டியலும் உண்டு.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. ஓர் ஆற்றை ஓரளவுக்காவது ஆறாக வைத்திருப்பது இந்தத் திட்டுதான். மேலே இருப்பவன் செய்வதைக் கீழே இருப்பவன் பார்க்கிறான், கத்துகிறான், மனு கொடுக்கிறான், கோர்ட்டுக்குப் போகிறான். மார்கண்டேய நதியின் குறுக்கே கர்நாடகம் அணை கட்டுவதை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு 2018இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உத்தனப்பள்ளிப் பக்கம் சிப்காட்டுக்கு நிலம் எடுக்க வந்தபோது விவசாயிகள் நாள் கணக்காகப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஜெயிப்பது தோற்பது வேறு கதை. கேட்க ஒரு வாய் இருந்தது. நம்முடைய பொது ஒழுக்கத்தில் பெரும்பகுதி, கொஞ்சம் யோசித்தால், இந்த வாய்க்குப் பயந்த ஒழுக்கம்தான்.

அப்படியானால் கடலூருக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

"கடல்ல போய்ச் சேந்துடுது" என்று சொல்கிறோம். அந்த வாக்கியத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது. யூனிக்ஸ் கணினிகளில் 'டெவ் நல்' என்று ஒரு முகவரி உண்டு. வேண்டாத எதையும் அங்கே எழுதலாம், எழுதியது எழுதிய கணமே இல்லாமல் போய்விடும். எத்தனை எழுதினாலும் நிரம்பாது. கடலை நாம் நினைத்து வைத்திருப்பது அப்படித்தான்.

நிலம் அங்கே முடிவதில்லை. கரையிலிருந்து கொஞ்ச தூரத்துக்குக் கடலடி ஆழமில்லாத ஒரு மேடையாகப் போகும். அதன் பெயர் கண்டத்திட்டு. சுமார் 100, 200 மீட்டர் ஆழத்தில் அதன் விளிம்பு வந்ததும் தரை சரியத் தொடங்கி 2000, 3000 மீட்டர் வரை இறங்கும். இது கண்டச்சரிவு. நம் மலைச்சரிவுகளில் காட்டாறு கீறிய பள்ளங்கள் இருப்பதைப்போல அந்தச் சரிவிலும் பள்ளத்தாக்குகள் உண்டு. உலகம் முழுக்க 9,000க்கும் மேற்பட்ட பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளை வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள். சோழமண்டலக் கரைக்கு வெளியே பாலாறு, புதுச்சேரி, கடலூர் என்ற பெயர்களிலேயே பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. 1960களிலேயே நம் கடலியலாளர்கள் அவற்றைப் பற்றி எழுதிவிட்டார்கள். இலங்கையின் திருகோணமலையில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவிலேயே ஒரு பள்ளத்தாக்கு தொடங்கி, கோணேஸ்வரர் கோயில் நிற்கும் பாறைக்கு அப்பால் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. கரையோரத்திலேயே நீலத்திமிங்கிலம் தெரிவதற்கு அந்த ஆழமும் ஒரு காரணம்.

இந்தப் பள்ளத்தாக்குகள் சும்மா கிடக்கும் குழிகள் இல்லை என்பதை இணையத்தில் வேலை செய்பவர்களுக்குப் புரியவைத்த சம்பவம் ஒன்று உண்டு. 2019 டிசம்பரில் காங்கோ ஆற்றில் பெருவெள்ளம். சில வாரங்கள் கழித்து, 2020 ஜனவரி மத்தியில், ஆற்று முகத்தில் சேர்ந்திருந்த மணலும் சேறும் சரிந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கின. நீருக்கடியில் ஒரு சேற்றாறு. 1,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, வழியில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு இணையம் கொண்டுபோகும் கேபிள்களை அறுத்தது. பல நாடுகளில் நெட் மந்தமானது. ஆறு கடலில் சேர்ந்து முடிந்துபோகவில்லை. கொஞ்சம் தங்கி, மூச்சு வாங்கி, மறுபடி ஓடியிருக்கிறது.

நம் கதைக்கு வருவோம். 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் உள்ளே வந்து எங்கள் மாவட்டத்தின் மேல் நின்றுவிட்டது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. ஏரித் தண்ணீர் பாய்ந்து, பஸ் ஸ்டாண்டு அருகே நிறுத்தியிருந்த வண்டிகள் உருண்டு போன வீடியோவை எல்லோரும் பார்த்தோம். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டார்கள். கடலூர் வரை வீடுகளுக்குள் சேறு. மணலை அணைகள் பிடித்துக்கொள்ளும். நுண்ணிய களிமண் அணையைத் தாண்டிவிடும், அதில் ஒட்டிக்கொண்டு உரம், பூச்சிமருந்து, சாயம், பிளாஸ்டிக் பொடியும் தாண்டும். கடலில் அது மேகம்போல் பரவி, மெதுவாகப் படிந்து, பள்ளம் இருக்கும் பக்கம் நகரும். சேறுக்கு மேடு பள்ளம் தெரியும்.

அங்கே யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு ரொம்ப நாள் வரை பதில், யாருமில்லை. பிரிட்டிஷ் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1840களில், சுமார் 550 மீட்டருக்குக் கீழே உயிரே இருக்காது என்றொரு கணக்குச் சொன்னார். வெளிச்சமில்லை, குளிர், அழுத்தம், சாப்பாடு கிடையாது. நியாயமான ஊகம்தான். வலை போட்டுப் பார்த்தபோது அது பொய்த்தது. இந்தியப் பக்கம் அந்த வேலையைச் செய்தது 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற அரசு அளவைக் கப்பல். அதில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் இருந்த ஆல்காக், வங்கக் கடலின், அரபிக் கடலின் சரிவுகளிலிருந்து இழுத்து வந்த இறால், நண்டு, மீன்களைப் பற்றி 1902இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் பெயரைத் தாங்கிய ஒரு சிவப்பு இறால் இன்றைக்குத் தூத்துக்குடியிலும் கொல்லத்திலும் ஏற்றுமதிச் சரக்கு. விசைப்படகுகள் 200 மீட்டருக்குக் கீழே சரிவில் இழுவலை போட்டு அதை அள்ளி வருகின்றன. கூடவே வருவதற்குப் பெயரும் இல்லை, விலையும் இல்லை. கழிசல் என்று கொட்டிவிடுவார்கள்.

வங்கக் கடலின் சரிவு இன்னொரு விதத்திலும் கடினமான வீடு. சுமார் 150 மீட்டரிலிருந்து பல நூறு மீட்டர் ஆழம் வரை நீரில் ஆக்சிஜன் மிகமிகக் குறைவு. கொச்சியிலிருந்து இயங்கும் கடல்வாழ் உயிரின மையத்தின் 'சாகர் சம்பதா' கப்பல் இந்தியாவின் இரண்டு பக்கச் சரிவுகளிலும் 200, 500, 1000 மீட்டர் என்று ஆழம் வாரியாகச் சேறு அள்ளிப் பார்த்திருக்கிறது. அந்தச் சேற்றில் அதிகம் இருப்பவை புழுக்கள், உடலின் இரு ஓரத்திலும் மயிர்க்கற்றை முளைத்தவை. இன்னும் ஆழம் போனால் சேற்றைத் தின்று சேற்றையே கழிக்கும் கடலட்டைகள், கை ஒடிந்தால் மறுபடி முளைக்கும் மெலிந்த நட்சத்திரங்கள், ஒரே இடத்தில் நின்று வருவதைப் பிடித்துத் தின்னும் பேனா வடிவப் பிராணிகள். இவை எல்லாவற்றுக்கும் சாப்பாடு மேலிருந்துதான். செத்த பாசி, மீன் கழிவு, சிறு பிராணிகளின் உரித்த தோல், எல்லாம் பொடியாகி, பனி கொட்டுவதுபோல் நாள் கணக்கில் இறங்கும். பெரும்பாலானது வழியிலேயே தின்னப்பட்டுவிடும். தரைக்கு வந்து சேர்வது நூற்றில் ஓரிரு பங்கு. பள்ளத்தாக்குகள் மட்டும் அந்தப் பனியைக் குவித்து வைக்கும், அதனால் அங்கே கூட்டம் அதிகம். கிருஷ்ணா-கோதாவரிக்கு வெளியே, மீத்தேன் கசிகிற சரிவில், மேலிருந்து வருவதை எதிர்பார்க்காமல் வாயுவையே உணவாக்கும் நுண்ணுயிர்களோடு கூட்டுக் குடித்தனம் நடத்தும் உயிர்களையும் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தார் கண்டிருக்கிறார்கள். மெக்சிகோ வளைகுடாவில் இந்த மாதிரி இடத்தில் வாழும் ஒரு குழாய்ப்புழு 200 வருடத்துக்கு மேல் இருக்கும். முளைத்த இடத்தை விட்டு அது நகர்வதே இல்லை.

சரி, இவற்றுக்கு நாம் எதாவது கடன்பட்டிருக்கிறோமா?

வழக்கமாகச் சொல்லும் பதில் எனக்குப் பிடிப்பதில்லை. கடலடி கார்பனைப் புதைத்து வைக்கிறது, நாளைக்கு அதிலிருந்து ஒரு மருந்து கிடைக்கலாம், அதனால் காப்பாற்றுவோம் என்பார்கள். உண்மைதான். ஆனால் பென்ஷன் வருது, அதனால பாட்டிக்குச் சோறு போடுவோம் என்பதுபோல் இருக்கிறது. பென்ஷன் நின்றால்?

வலி என்பதை வைத்துக் கடனைக் கணக்கிடுகிறவர்களும் உண்டு. துன்பப்பட முடிந்தவைக்கே கடன் என்பது அவர்கள் நிலை. கடலட்டைக்கு மூளை கிடையாது, வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், அதிலிருந்து இறங்கும் சில நரம்புகள், அவ்வளவே. இந்த அளவுகோலில் அது பாஸாகாது. அளவுகோலை வைத்திருப்பது யார் என்று கேட்டால் விவாதம் வேறு பக்கம் போய்விடும். எனக்கு இங்கே கைகொடுப்பவர் தென்பெண்ணை கடலில் விழும் மாவட்டத்துக்காரர். வடலூரில் 1867இல் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார்.

பயிர் வாடுவதைப் பார்த்து அவரும் வாடினார் என்பது எல்லோருக்கும் தெரியும், மீம் போடுமளவுக்குத் தெரியும். அந்த வாட்டம் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது என்பதால் ரொம்ப நாள் அது எனக்கு ஒரு போதாமையாகப் பட்டது. ஆழ்கடலின் அடியில் மனிதக் கண்ணோ கேமராவோ நேரில் பார்த்தது 0.001 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2025இல் ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. பார்த்தால்தான் இரக்கம் என்றால் அங்கே இரக்கத்துக்கு வேலையே இல்லை. ஆனால் உரைநடையில் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் அவர் பார்ப்பதோடு நிறுத்தவில்லை. உயிர்கள் படும் துன்பத்தைக் காணும்போது இரக்கம் உண்டாகலாம், கேட்கும்போது உண்டாகலாம், இப்படி நேரப்போகிறது என்று அறியவரும்போதும் உண்டாகலாம் என்று மூன்று வாசல் வைக்கிறார். அவர் மனத்தில் முதலில் இருந்தது பசித்த மனிதர். மூன்றாவது வாசலை ஆழ்கடல் வரை நான் நீட்டுகிறேன். நீட்டினால் அறுந்துபோகிற வாசலாக எனக்கு அது தெரியவில்லை. கண்ணாலும் காதாலும் எட்டாத இடத்துக்கு அறிவால் எட்டலாம் என்பதுதானே அது.

இதையெல்லாம் சித்தி மகளிடம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சிப்காட்டில் ஒரு பேட்டரி லைனில் வேலை பார்க்கிறாள். 2021இல் ஓலாவின் ஸ்கூட்டர் ஆலை வந்த பிறகு போச்சம்பள்ளி என்றாலே சந்தை, தென்னை, மா என்று சொன்ன காலம் போய், மின்வண்டி என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் விடியும் முன்பே வேன்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. பல மின்வண்டி பேட்டரிகளில் நிக்கலும் கோபால்ட்டும் மாங்கனீசும் சேர்கின்றன. அவற்றை ஆழ்கடல் தரையிலிருந்து எடுக்கப் போகிறார்களாம் என்று சொன்னேன்.

"அங்க யாருணா இருக்காங்க?"

"புழு, அட்டை, கடற்பஞ்சு..."

"அப்ப நல்லதுதானே. யாரையும் காலி பண்ணச் சொல்ல வேணாம்ல."

நிலம் கொடுத்த குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவள் சொல்கிற வார்த்தை. லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆழ்கடல் சுரங்கக் கம்பெனிகள் பெரிய அறிக்கைகளில் சொல்வதும் இதையேதான். உலகில் வெட்டப்படும் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. கோல்வேசி பக்கம் வெறும் கையால் குழி தோண்டுபவர்களில் குழந்தைகளும் உண்டு என்று 2016இல் அம்னெஸ்டி அறிக்கை வெளியிட்டது. கடலடியில் குழந்தைகள் இல்லை, காடில்லை, ஊரில்லை. ஒரு குழந்தையையும் ஒரு கடலட்டையையும் தராசில் வைத்தால் என் கை எந்தப் பக்கம் போகும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் தராசில் அந்த இரண்டு தட்டுகள்தான் இருக்கின்றன என்பதைத்தான் நான் நம்பவில்லை. கடலில் எடுத்தால் காங்கோவில் குழி மூடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. விலை இறங்கினால் கையால் தோண்டுபவரின் கூலிதான் முதலில் இறங்கும். இதற்கிடையே நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத இரும்பு-பாஸ்பேட் பேட்டரிகள் உலக மின்கார் சந்தையில் பாதியை நெருங்கிவிட்டன. தேவை என்று நாம் சொல்வது கல்லில் செதுக்கியது இல்லை, டிசைன் முடிவு. என் தொழிலில் தினமும் பார்ப்பதுதான். ஒரு முடிவை எடுத்துவிட்டு, அதை இயற்கை விதிபோல் அடுத்த டீமிடம் ஒப்படைப்போம்.

இந்தியாவுக்கு இது தூரத்து விவகாரம் இல்லை. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்கு மேல், உலோக உருண்டைகளை ஆராய 2002இல் ஒப்பந்தம் போட்டோம். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் செய்த 'வராஹா' இயந்திரம் 2021இல் 5,270 மீட்டர் ஆழத்தில் தரையில் நகர்ந்து காட்டியது. பூமியைக் கடலிலிருந்து கொம்பில் தூக்கி வந்தவர் பெயர். பெயர் வைத்தவருக்குக் குறும்பு இருந்திருக்கிறது. பொறியியல் படித்தவனாக அந்தச் சோதனையைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கலை மறைக்கக்கூடாது. கடலடி உயிர்கள் தொட்டால் செத்துவிடும் கண்ணாடிப் பொம்மைகள் இல்லை. நியூசிலாந்தின் கைகோரா பள்ளத்தாக்கு அந்த ஆழத்துக்கு உலகிலேயே மிகச் செழிப்பான இடங்களில் ஒன்று. 2016 நவம்பரில் வந்த நிலநடுக்கம் கோடிக்கணக்கான டன் சேற்றைச் சரியவிட்டு அதைத் துடைத்துப் போட்டது. நாலு வருடத்தில் பெருமளவு மீண்டுவிட்டது. பள்ளத்தாக்கில் வாழ்பவை சரிவுக்குப் பழகியவை, ஆற்றோரத்து நாணல் வெள்ளத்துக்குப் பழகியதைப்போல. ஃபெஞ்சல் கொண்டுபோன வண்டலில் வெறும் மண் மட்டும் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன், அங்கிருப்பவற்றுக்கு அது விருந்தாகக்கூட ஆகும். உருண்டைகள் கிடக்கும் ஆழ்சமவெளி வேறு உலகம். அங்கே ஓர் உருண்டை சில மில்லிமீட்டர் வளரவே பத்து லட்சம் வருடம் ஆகும். அந்த உருண்டையின் மேல்தான் கடற்பஞ்சும் பவளப்பூச்சியும் ஒட்டிக்கொள்ள இடம். 1989இல் பெரு நாட்டுக்கு வெளியே சோதனைக்காக ஏர் பூட்டியதுபோல் கடலடியை உழுதார்கள். 26 வருடம் கழித்துப் போனபோதும் உழவுச்சால் அப்படியே தெரிந்தது. பசிபிக்கில் உருண்டைகள் நிறைந்த கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியில் கிடைத்த உயிரினங்களில் பத்தில் ஒன்பதுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை.

ஆகவே மண்ணைக் கலைக்கலாமா கூடாதா என்பது இடத்துக்கு இடம் மாறும். என்னை உறுத்துவது அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம். கேட்க ஆளில்லை என்பது ஒரு தகுதியாக, விளம்பர வாசகமாக வந்து நிற்கிறது. ஒரு சிறுவனை அடிப்பதற்கு 'அவனுக்கு அப்பா இல்லை' என்பது காரணமாக முடியாது. அடிப்பதற்கு வேறு நியாயம் இருக்கிறதா என்று பார்க்கலாம், இதை நியாயமாக எழுதவே கூடாது. சர்வதேசச் சட்டம் ஆழ்கடல் தரையை மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்கிறது. ஒரு நாடு தனக்கே என்று வளைத்துப் போடாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனாலும் பட்டாவில் குடியிருப்பவர் பெயர் இல்லை.

வாயில்லாதவர் வழக்காட முடியாது என்பது நம் ஊரில் செல்லுபடியாகாத வாதம். கோயில் மூர்த்தி சட்டப்படி ஓர் ஆள். நிலம் வைத்துக்கொள்ளலாம், தன் சார்பில் ஒருவரை வைத்து வழக்குப் போடலாம். தஞ்சைப் பக்கம் பத்தூரில் மண்ணில் கிடைத்த நடராஜர் லண்டனுக்குக் கடத்தப்பட்டபோது, அங்கே கோர்ட்டில் வாதிகளில் ஒன்றாக நின்றது பாழடைந்த கோயில். ஆங்கிலேய நீதிபதிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். 1991இல் மேல்முறையீட்டிலும் கோயில் ஜெயித்து நடராஜர் ஊர் திரும்பினார். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கைக்கே உயிருள்ள ஆளின் உரிமைகள் உண்டு என்று அறிவித்தது. கல்லுக்குக் கிடைத்த நாற்காலி கடலட்டைக்குக் கிடைப்பதில் தத்துவச் சிக்கல் எதுவும் இல்லை. அதன் சார்பில் யார் உட்காருவார்கள் என்பதுதான் பாக்கி.

இப்போதைக்கு ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கும் சர்வதேசக் கடலடி ஆணையம் சுரங்க விதிகளைப் பேசிக்கொண்டிருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள், கொஞ்சம் பொறுங்கள் என்கின்றன. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. சுரங்கத்துக்கு முன்னால் கீழே என்னென்ன உயிர் இருக்கிறது என்று கணக்கெடுத்துக் கொடுக்க வேண்டியதும், விதிப்படி, ஒப்பந்தம் போட்டவர்களே. அந்தக் கணக்கு எடுக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். கப்பலிலிருந்து ஓர் இரும்புப் பெட்டியை இறக்குவார்கள். அது சேற்றை ஒரு கட்டியாக வெட்டி மேலே கொண்டுவரும். மாவு சலிப்பதைப்போல் சன்னமான சல்லடையில் சேற்றைக் கழுவிச் சலித்து, மிஞ்சுவதைப் பாட்டிலில் போட்டு, ரோஸ் பெங்கால் என்ற சாயம் சேர்ப்பார்கள். உயிர்த்தசை இருந்த இடமெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். அப்புறம் லேபில் ஒருவர் நுண்ணோக்கியில் குனிந்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, தலை இருக்கிறதா என்று பார்த்து எண்ணுவார். தலை இருந்தால்தான் ஒன்று என்று கணக்கு. வால் துண்டுகளை எண்ணுவதில்லை.